கிறிஸ்டன் நிகார்ட்

கிறிஸ்டன் நிகார்ட் (ஆகஸ்ட் 27, 1926 – ஆகஸ்ட் 10, 2002) நோர்வே நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர், கணினி அறிவியலாளர், அரசியல் செயற்பாட்டாளர் ஆவார். இவரும் ஓலே-யோஹான் டால் என்பவரும் இணைந்து 1960களில் உருவாக்கிய சிமுலா என்னும் நிரல்மொழியில்தான் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படைக் கருத்துகள் முதன்முதலில் முழு வடிவம் பெற்றன. இதற்காக இவ்விருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. தொழிலாளர்கள் தாம் பயன்படுத்தும் கணினி அமைப்புகளின் வடிவமைப்பில் பங்குபெற வேண்டும் என்ற கருத்தை முன்னெடுத்தவர்களுள் இவர் முன்னோடி. நிரலாக்கத்தைத் தொடக்க நிலை மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்ற ஆய்வே இவருடைய இறுதிப் பணியாக அமைந்தது. தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் இனக்குழு, பொருள், மரபுரிமம் என்னும் பெயர்களில் படிக்கும் கருத்துகள் இவர் வழி வந்தவை.

இளமையும் கல்வியும்

நிகார்ட் நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் பிறந்தார். 1940 ஏப்ரலில் நாட்டைச் செருமானியப் படைகள் கைப்பற்றியபோது இவருக்கு வயது 13. பள்ளிப் படிப்பின் பெரும்பகுதி அந்த ஆக்கிரமிப்புக் காலத்திலேயே கழிந்தது. பின்னர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1956இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். மாண்டே கார்லோ முறைகளின் கோட்பாட்டு அடிப்படைகள் இவருடைய ஆய்வேட்டின் பொருளாகும். தற்போக்கு எண்களைப் பயன்படுத்திப் பல முறை சோதித்து, கணக்கின் விடையைத் தோராயமாகக் காண்பது மாண்டே கார்லோ முறை எனப்படும். 1951இல் யோஹன்னா என்பவரை மணந்தார்.

பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில்

1948இல் கட்டாய இராணுவப் பணிக்காக நிகார்ட் நோர்வே பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். நோர்வேயில் கணினித் துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான யான் கார்விக் அங்கு இவருக்கு வழிகாட்டியாக இருந்தார். நோர்வேயின் முதல் அணு உலை அப்போது கட்டப்பட்டு வந்தது. அது 1951இல் இயங்கத் தொடங்கியது. உலைக்கான கணக்குகளை வழக்கமான முறையில் செய்து முடிப்பது கடினமாக இருந்தமையால், 1949ஆம் ஆண்டை ஒட்டி, கார்விக்கும் நிகார்டும் மாண்டே கார்லோ முறையைக் கையாண்டனர். கணினி இல்லாத நிலையில் இக்கணக்குகள் கையாலேயே செய்யப்பட்டன.

1952 முதல் இவர் செயல்பாட்டு ஆய்வு என்னும் துறைக்கு மாறினார். மனிதரும் பொறிகளும் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பை ஆராய்ந்து, அது எங்கே தடைபடுகிறது, எவ்வாறு மேம்படும் என்று கண்டறிவது இத்துறையின் நோக்கம். இவர் இத்துறையில் ஒரு பெரிய குறையைக் கண்டார். பாவனையாக்கம் செய்ய, அதாவது அமைப்பு இயங்குவதைக் கணினியில் போலச் செய்து பார்க்க, முதலில் அந்த அமைப்பைத் தெளிவாக விவரிக்க வேண்டும். அத்தகைய விவரிப்புக்கு உரிய மொழி எதுவும் அப்போது இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறியீடுகளை வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிமுலாவின் தேவை இந்தக் குறையிலிருந்தே எழுந்தது.

1957 முதல் 1960 வரை பாதுகாப்பு நிறுவனத்தின் செயல்பாட்டு ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். 1959இல் நோர்வே செயல்பாட்டு ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார்.

சிமுலாவின் தோற்றம்

1960இல் நிகார்ட் ஒஸ்லோவிலுள்ள நோர்வே கணிப்பு மையத்தில் சேர்ந்தார். 1961இல் பாவனையாக்க மொழிக்கான தம் எண்ணங்களை எழுதத் தொடங்கினார். அமைப்புகளை விவரிப்பதில் இவருக்குப் பட்டறிவு மிகுதி. ஆனால் ஒரு நிரல்மொழியை வரையறுத்து அதற்கு நிரல்பெயர்ப்பி எழுதும் திறன் வேறு வகைப்பட்டது. அத்திறன் பெற்றவர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் இவருடன் பணியாற்றிய ஓலே-யோஹான் டால் (1931–2002). 1962இல் இருவரும் இணைந்து பணியைத் தொடங்கினர். டால் 1963இல் கணிப்பு மையத்திலேயே சேர்ந்தார். பொதுவாக, எதை விவரிக்க வேண்டும் என்ற வினாவை நிகார்ட் எழுப்ப, அதை மொழியின் விதியாக மாற்றும் வழியை டால் கண்டார்.

பணிக்குத் தேவையான கணினி ஒரு வணிக உடன்பாட்டின் வழியே கிடைத்தது. அமெரிக்காவின் யூனிவாக் நிறுவனம் தன்னுடைய யூனிவாக் 1107 கணினியை ஏறத்தாழ பாதி விலைக்கு வழங்க முன்வந்தது. சிமுலாவின் நிரல்பெயர்ப்பியை அக்கணினிக்கு எழுதித் தருவதும் உடன்பாட்டின் பகுதியாயிற்று. 1963 ஆகஸ்டில் கணினி ஒஸ்லோ வந்து சேர்ந்தது.

சிமுலா 1

முதல் சிமுலா, ஐரோப்பிய, அமெரிக்கக் கணினி அறிஞர்கள் வகுத்த அல்கோல் 60 என்னும் மொழியை அடிப்படையாகக் கொண்டது. அதன் நிரல்பெயர்ப்பி 1964ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி நிறைவடைந்தது. அமைப்பிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் தனக்கென்று தரவுகளும் செயல்களும் கொண்ட ஒரு செயல்முறையாக இம்மொழியில் எழுதப்பட்டது. பல செயல்முறைகள் ஒரே காலத்தில் இயங்குவதுபோல் தோன்றுமாறு, ஒன்று இடையில் நின்று மற்றொன்றுக்கு வழிவிடும் வசதியும் இருந்தது.

சிமுலா 67

முதல் மொழியைப் பயன்படுத்தியபோது ஒரு குறை மீண்டும் மீண்டும் தென்பட்டது. ஒரு பாலத்தின் சுங்கச்சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்கின்றன என்று கொள்வோம். இரண்டும் வரிசையில் சேர்கின்றன, காத்திருக்கின்றன, கட்டணம் செலுத்துகின்றன. ஆயினும் லாரி சுமை ஏற்றுகிறது, பேருந்து ஆட்களை ஏற்றுகிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதினால் பொதுவான பகுதியை இருமுறை எழுத வேண்டும். ஒன்றாக எழுதினால் வேறுபாடு மறைந்துவிடும்.

பிரித்தானியக் கணினி அறிஞர் டோனி ஹோர், பதிவு வகுப்புகள் என்னும் கருத்தை அக்காலத்தில் முன்வைத்திருந்தார். 1966இல் பிரான்சின் வில்லார்-து-லான்ஸ் என்னும் ஊரில் நடைபெற்ற கோடைக்காலப் பள்ளியில் ஹோரும் டாலும் விரிவுரையாற்றினர். ஹோரின் கருத்தைத் தம் செயல்முறைகளோடு இணைத்துப் பார்த்த நிகார்டும் டாலும், 1966–67 குளிர்காலத்தில் தீர்வைக் கண்டனர். பொதுவான பண்புகளை ஒரு வகுப்பாக எழுதி, சிறப்புப் பண்புகளை மட்டும் அதன் உள்வகுப்புகளில் எழுதலாம் என்பதே அது. வண்டி என்பது வகுப்பு. லாரியும் பேருந்தும் உள்வகுப்புகள். இக்கருத்தை 1967 மே மாதம் ஒஸ்லோவில் பாவனையாக்க மொழிகளுக்காக நடைபெற்ற மாநாட்டில் அவர்கள் வெளியிட்டனர். இவ்வாறு உருவான மொழி சிமுலா 67 எனப்பட்டது. வகுப்பு, பொருள், உள்வகுப்பு, உள்வகுப்பில் மாற்றி எழுதக்கூடிய செயற்கூறு ஆகிய நான்கும் இம்மொழியில் ஒருங்கே இடம்பெற்றன.

கருத்துகளின் விளக்கம்

நிகார்டின் பார்வையில், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் என்பது மெய்யான அல்லது கற்பனையான உலகின் ஒரு பகுதியைப் போல நடந்துகாட்டும் மாதிரி ஆகும். கணினிக்கு வரிசையாக இடும் கட்டளைகளின் தொகுப்பு என்று நிரலைக் காண்பது வேறொரு பார்வை. இவ்வேறுபாட்டைத் தமிழ்நாட்டு மாணவர் அறிந்த ஒரு சூழலைக் கொண்டு விளக்கலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரத்தில் பெரிய மொத்தக் காய்கறிச் சந்தை உள்ளது. சுற்றுப்புற ஊர்களில் விளையும் முருங்கை, தக்காளி, வெண்டை, கத்தரி முதலியவை இங்கு வந்து, பெருமளவு கேரளத்துக்குச் செல்கின்றன. இச்சந்தையைக் கணினியில் மாதிரியாக அமைக்க வேண்டும் எனில், முதலில் அங்கு இருப்பவை எவை என்று கேட்க வேண்டும். விவசாயி, வண்டி, எடைமேடை, கமிஷன் கடை, சுமைப்பணித் தொழிலாளர், வாங்க வந்த வணிகர் ஆகியோரும் ஆகியவையும் அங்கு உள்ளனர். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய விவரங்களும் தான் செய்யும் செயல்களும் உண்டு.

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் சொற்கள் இங்குப் பின்வருமாறு பொருந்தும்:

* வகுப்பு: வண்டி என்பது ஒரு வகுப்பு. எல்லா வண்டிக்கும் பதிவெண், சுமையின் எடை, வந்த நேரம் ஆகிய விவரங்கள் உண்டு. வரிசையில் சேர்தல், எடை போடுதல், சரக்கை இறக்குதல் ஆகியவை அதன் செயல்கள்.
* பொருள்: அதிகாலையில் சந்தைக்குள் நுழையும் ஒரு குறிப்பிட்ட வண்டி ஒரு பொருள். நூறு வண்டிகள் வந்தால் ஒரே வகுப்புக்கு நூறு பொருள்கள் உள்ளன.
* மரபுரிமம்: லாரியும் சிறு சரக்கு வேனும் வண்டி வகுப்பின் உள்வகுப்புகள். வண்டிக்கு உரியவை அனைத்தும் இவற்றுக்கும் தாமாகவே வந்து சேரும். லாரிக்கு மட்டும் உரியதைத் தனியே சேர்த்தால் போதும்.
* பல்லுருவாக்கம்: சரக்கை இறக்கு என்னும் ஒரே கட்டளைக்கு லாரி ஒரு விதமாகவும் வேன் மற்றொரு விதமாகவும் செயற்படும். கட்டளையிடுபவர் எதிரில் நிற்பது எந்த வண்டி என்று ஆராய வேண்டியதில்லை.
* உறைபொதியாக்கம்: திண்டுக்கல் பூட்டின் உள்ளே இருக்கும் நெம்புகோல்களை யாரும் தொடுவதில்லை, சாவியை மட்டுமே பயன்படுத்துகின்றனர். அதுபோலப் பொருளின் உள்விவரங்கள் மறைக்கப்பட்டு, அதற்கென வகுத்த செயல்களின் வழியே மட்டும் அணுகப்படும்.

இம்மாதிரியை இயக்கிப் பார்த்தால், எடைமேடை ஒன்றைக் கூடுதலாக அமைத்தால் காத்திருப்பு நேரம் எவ்வளவு குறையும் என்பது போன்ற வினாக்களுக்கு விடை காணலாம். சிமுலா இத்தகைய வினாக்களுக்காகவே உருவாக்கப்பட்டது. வகுப்பு, பொருள் ஆகியவை நிரலைச் சுருக்குவதற்கான உத்திகளாக மட்டும் தோன்றவில்லை. பல பேர் சேர்ந்து இயங்கும் ஓர் இடத்தை உள்ளபடி விவரிக்க முயன்றபோது அவை தோன்றின.

பிற மொழிகளின் மீது தாக்கம்

சிமுலா பெருமளவு விற்பனையான மொழி அன்று. எனினும் அதன் கருத்துகள் பின்வந்த மொழிகளில் பரவின. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆலன் கே 1966இல் சிமுலாவை அறிந்தார். 1970களில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழிக்குச் சிமுலா ஒரு தூண்டுகோலாக இருந்தது.

டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சிமுலாவைப் பயன்படுத்தினார். நிரலை ஒழுங்குபடுத்தச் சிமுலா உதவியது. ஆனால் இயங்கும் வேகம் போதவில்லை. 1979இல் பெல் ஆய்வகத்தில் சிமுலாவின் வகுப்புகளைச் சி மொழியுடன் இணைக்கும் பணியை அவர் தொடங்கினார். அம்மொழி 1983இல் சி++ என்று பெயர் பெற்று, 1985இல் வணிக முறையில் வெளியானது. சி++ நிரலில் எழுதப்படும் கிளாஸ், வர்ச்சுவல் என்னும் திறவுச்சொற்கள் சிமுலாவிலிருந்து வந்தவை. 1991இல் வெளியான பைத்தான், 1995இல் வெளியான ஜாவா ஆகிய மொழிகளும் இம்மரபில் வந்தவையே.

தொழிற்சங்கங்களுடன்

சிமுலா பயன்பாட்டுக்கு வந்தபின் நிகார்ட் ஒரு சிக்கலை உணர்ந்தார். தொழிற்சாலைகளின் வேலை முறையை ஆராய்ந்து மாற்றியமைக்க நிருவாகங்கள் பாவனையாக்கத்தைப் பயன்படுத்தின. மாதிரியில் பொருள்களாக இடம்பெற்றவர்களுள் தொழிலாளரும் இருந்தனர். ஆனால் மாதிரி எவ்வாறு அமைய வேண்டும், அதிலிருந்து என்ன முடிவு எடுக்க வேண்டும் என்பவற்றில் அவர்களுக்குக் குரல் இல்லை. தம்முடைய கருவி ஒரு தரப்பின் கையை மட்டுமே வலுப்படுத்துகிறது என்று 1960களின் இறுதியில் இவர் கருதத் தொடங்கினார்.

இதன் விளைவாக 1971 முதல் 1973 வரை நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து ஓர் ஆய்வுத் திட்டத்தை நடத்தினார். திட்டமிடல், கட்டுப்பாடு, தரவுச் செயலாக்கம் ஆகியவற்றைத் தொழிலாளர் தாமே கற்று, தம் பணியிடத்துக்கு வரும் கணினி அமைப்புகள் குறித்து நிருவாகத்துடன் பேசத் தகுதி பெறுவது இதன் நோக்கம். தொழிலாளருக்கென்று பாடநூல் எழுதப்பட்டது. வல்லுநர் எழுதும் அறிக்கையைத் திட்டத்தின் முதன்மைப் பயனாக இவர் கருதவில்லை. ஆலைகளில் உள்ளூர்ச் சங்கத்தினர் கற்றுக்கொண்டதும் அதைக் கொண்டு எடுத்த நடவடிக்கைகளுமே பயன் என்று கொண்டார்.

இம்முயற்சியைத் தொடர்ந்து, கணினி அமைப்புகளைப் புகுத்தும்போது தொழிலாளருக்கு அறிவிக்கவும் அவர்களுடன் கலந்து பேசவும் வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் நோர்வேயில் உருவாயின. 1975இல் தொழிற்சங்கங்களின் தேசியக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் கூட்டமைப்புக்கும் இடையே இது குறித்துப் பொது ஒப்பந்தம் ஏற்பட்டது. 1977ஆம் ஆண்டின் பணிச்சூழல் சட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றது. டென்மார்க், சுவீடன் நாடுகளிலும் இதே போன்ற திட்டங்கள் தொடங்கப்பட்டன. பயனர் பங்கேற்பு வடிவமைப்பு என்று பின்னாளில் அழைக்கப்பட்ட ஆய்வுத் துறை இவற்றிலிருந்து வளர்ந்தது.

மேலே கூறிய சந்தை எடுத்துக்காட்டில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். சுமைப்பணித் தொழிலாளர் என்ற வகுப்பில் எந்த விவரங்களைச் சேர்ப்பது என்பது நிரலாளரின் முடிவு போலத் தோன்றும். தூக்கிய மூட்டைகளின் எண்ணிக்கை மட்டும் இருந்தால் அம்மாதிரி ஒரு வகையான முடிவுக்கு இட்டுச் செல்லும். ஓய்வு நேரமும் மூட்டையின் எடையும் சேர்ந்திருந்தால் வேறு முடிவு கிடைக்கும். எது சேர வேண்டும் என்று கூறும் உரிமை மூட்டை தூக்குபவருக்கும் உண்டு என்பதே நிகார்டின் நிலைப்பாட்டின் சாரம்.

டெல்டா, பீட்டா மொழிகள்

1970களின் முற்பகுதியில் நிகார்ட், எரிக் ஹோல்பேக்-ஹான்சன், பெட்டர் ஹோண்ட்லிக்கன் ஆகியோருடன் டெல்டா என்னும் மொழியை உருவாக்கினார். இது கணினியில் இயக்குவதற்காக அன்றி, அமைப்புகளை மனிதருக்கு விவரிப்பதற்காக வகுக்கப்பட்டது.

1975–76இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அங்கு ஏற்பட்ட தொடர்புகளின் வழியே பென்ட் புரூன் கிறிஸ்டென்சன், ஓலே லேர்மன் மாட்சன், பிர்கர் மோலர்-பெடர்சன் ஆகியோருடன் 1976 முதல் பீட்டா என்னும் மொழியை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். பிற மொழிகளில் தனித்தனியாக உள்ள வகுப்பு, செயற்கூறு, தரவினம் ஆகியவற்றை பாங்கு என்னும் ஒரே கருத்தில் இம்மொழி அடக்கியது. இம்மொழி பற்றிய நூல் 1993இல் வெளியானது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் 1977 முதல் பேராசிரியராகப் பணியாற்றிய நிகார்ட் 1996இல் ஓய்வு பெற்றார்.

அரசியல் வாழ்க்கை

நிகார்ட் 1960களில் நோர்வேயின் வென்ஸ்ட்ரே என்னும் தாராளவாதக் கட்சியில் செயற்பட்டார். பின்னர் 1971இல் தொழிற்கட்சியில் சேர்ந்தார்.

1990 முதல் 1995 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் நோர்வே சேர்வதை எதிர்த்த இயக்கத்தின் தலைவராக இருந்தார். கட்சி வேறுபாடின்றி மக்களைத் திரட்டிய இவ்வியக்கம் சுமார் 145,000 உறுப்பினர்களைக் கொண்டு, அக்காலத்தில் நாட்டின் மிகப்பெரிய அரசியல் அமைப்பாக விளங்கியது. 1994 நவம்பர் 28 அன்று நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் 52.2 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் சேர வேண்டாம் என்று வாக்களித்தனர். இதன்பின் நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நீடித்தது. முடிவுகளால் பாதிக்கப்படுபவரிடமிருந்து முடிவெடுக்கும் இடம் விலகிச் செல்லக் கூடாது என்ற எண்ணம் இவருடைய தொழிற்சங்கப் பணியிலும் இவ்வியக்கத்திலும் பொதுவாகக் காணப்படுகிறது.

கற்பித்தல் குறித்த கருத்துகள்

1990களில் பொருள்நோக்கு மொழிகள் உலகெங்கும் பரவின. கல்லூரிகளும் பள்ளிகளும் அவற்றைக் கற்பிக்கத் தொடங்கின. ஆனால் கற்பிக்கப்பட்ட முறை நிகார்டுக்கு நிறைவளிக்கவில்லை. திரையில் ஒரு வரியை அச்சிடுதல், இரண்டு எண்களைக் கூட்டுதல், மூன்று எண்களுள் பெரியதைக் காணுதல் போன்ற மிகச் சிறிய நிரல்களுடன் பாடம் தொடங்குவது வழக்கமாக இருந்தது. மாறி, நிபந்தனை, மடக்கு, அணி, செயற்கூறு என்று படிப்படியாகச் சென்று, இறுதியிலேயே வகுப்பும் பொருளும் அறிமுகமாயின.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. இரண்டு எண்களைக் கூட்டும் நிரலில் ஒரே ஒரு செயல்தான் நடைபெறுகிறது. அங்குப் பொருள்களுக்குத் தேவையே இல்லை. ஆண்டு முழுவதும் அத்தகைய நிரல்களை எழுதிப் பழகிய மாணவர் வகுப்பு என்னும் பாடத்தை அடையும்போது, முன்பே செய்யத் தெரிந்த ஒன்றைக் கூடுதல் வரிகளில் செய்யும் முறையாகவே அதைக் காண்பார். வரையறையை மனப்பாடம் செய்துவிடலாம். எப்போது வகுப்பு தேவை, எதை வகுப்பாக்குவது என்ற தெளிவு அதனால் வராது.

ஆகவே தொடக்க எடுத்துக்காட்டே போதிய அளவு சிக்கலானதாக இருக்க வேண்டும் என்று நிகார்ட் வலியுறுத்தினார். பல பேர், பல பொருள்கள், அவற்றுக்கிடையே நிகழும் தொடர்புகள் ஆகியவை கொண்ட ஒரு சூழலை மாணவர் முதலில் காண வேண்டும். அதை விவரிக்க முயலும்போது கருத்தின் தேவை தானாக விளங்கும். தொடரியல் விதிகள் அதன்பின் வந்தால் போதும். எளிய நிரல்கள் தவறானவை என்பது இதன் பொருள் அன்று. எளிமை கருதித் தெரிவு செய்யும் எடுத்துக்காட்டு, கற்பிக்க வந்த கருத்தையே மறைத்துவிடக் கூடாது என்பதே கருத்து.

இந்நோக்கில் முழுமையான பொருள்நோக்குக் கற்றல் என்று பொருள்படும் கூல் என்னும் ஆய்வுத் திட்டத்தை இவர் உருவாக்கினார். நோர்வே ஆய்வு மன்றத்தின் நிதியுதவியுடன் 2002இல் அது தொடங்கியது. திட்டம் தொடங்கிய ஆண்டிலேயே நிகார்ட் இறந்தார். உடன் பணியாற்றியவர்கள் ஆய்வைத் தொடர்ந்து, அதன் முடிவுகளை 2006இல் நூலாக வெளியிட்டனர்.

இக்கருத்து எல்லோராலும் ஏற்கப்பட்டது என்று கூற இயலாது. பன்னாட்டுக் கணினிச் சங்கங்கள் 2001இல் வெளியிட்ட பாடத்திட்டப் பரிந்துரை, பொருள்களிலிருந்து தொடங்கும் முறையைப் பல முறைகளுள் ஒன்றாகவே குறிப்பிட்டது. கட்டளைகளிலிருந்து தொடங்கும் முறையும் அதில் இடம்பெற்றது. நிபந்தனை, மடக்கு ஆகியவற்றில் தேர்ச்சியில்லாத மாணவருக்குத் தொடக்கத்திலேயே பல பொருள்களைக் காட்டுவது சுமையாகும் என்று கூறும் ஆசிரியர்கள் உள்ளனர். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் உருவாக்கப்பட்ட புளூஜே போன்ற மென்பொருள்கள், வகுப்புகளையும் பொருள்களையும் திரையில் படமாகக் காட்டி இச்சுமையைக் குறைக்க முயன்றன.

தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியில்

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளின் கணினி அறிவியல் பாடத்தில் சி++ மொழியின் வழியாகப் பொருள்நோக்கு நிரலாக்கம் இடம்பெற்றது. 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் பன்னிரண்டாம் வகுப்பு நூலின் இரண்டாம் தொகுதி முழுவதும் இதற்கென ஒதுக்கப்பட்டது. முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ் மென்பொருளைப் பற்றியது.

2018–19 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. அதன் ஓர் அலகில் பொருள்நோக்கு நிரலாக்கம், இனக்குழுக்களும் பொருள்களும், பல்லுருவாக்கம், மரபுரிமம் ஆகிய பாடங்கள் சி++ மொழியில் அமைந்தன. அடுத்த ஆண்டில் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தான் மொழிக்கு மாறியது. அதிலும் இனக்குழுக்களுக்கு ஒரு பாடம் ஒதுக்கப்பட்டது.

தமிழ்வழியில் பயிலும் மாணவர் கலைச்சொல்லால் சற்றுத் தடுமாறக்கூடும். சிமுலாவின் கிளாஸ் என்னும் சொல் தமிழில் வகுப்பு என்றும் இனக்குழு என்றும் வழங்குகிறது. பேச்சு வழக்கில் வகுப்பு என்றால் பள்ளி அறையும், இனக்குழு என்றால் மக்கட்கூட்டமும் நினைவுக்கு வருகின்றன. ஹோரும் டாலும் நிகார்டும் கருதியது, ஒரே வகையைச் சேர்ந்தவற்றின் பொது வரையறையை. பயிர் வகை, பூட்டு வகை என்னும்போது தமிழில் வகை என்ற சொல் குறிப்பதும் இதற்கு நெருக்கமானதே.

இப்பாடநூல்களிலும் மாறி, மடக்கு, செயற்கூறு முதலியவற்றுக்குப் பின்னரே இனக்குழு வருகிறது. ஆண்டின் இறுதியில் தேர்வு நெருங்கும் வேளையில் படிக்கப்படும் பாடம் வரையறைகளாகச் சுருங்கிவிட வாய்ப்புண்டு. திண்டுக்கல் நகரிலோ ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் போன்ற சமவெளி ஊர்களிலோ பயிலும் மாணவருக்கு நிகார்ட் கேட்ட வகையிலான எடுத்துக்காட்டுகள் தொலைவில் இல்லை. காய்கறிச் சந்தை, பூட்டுப் பட்டறை, பேருந்து நிலையம், நிலக்கோட்டைப் பூச்சந்தை ஆகிய ஒவ்வொன்றும் பலர் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பு. அவற்றுள் ஒன்றில் உள்ள வகைகளையும் அவற்றின் செயல்களையும் தாளில் எழுதிப் பார்ப்பதற்குக் கணினிகூடத் தேவையில்லை.

விருதுகளும் சிறப்புகளும்

* 1990 – சமூகப் பொறுப்புக்கான கணினி வல்லுநர் அமைப்பின் நோர்பர்ட் வீனர் விருது
* 1990 – சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம்
* 1991 – டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம்
* 2000 – நோர்வே அரசரின் புனித ஓலாவ் விருது (டாலுடன் இணைந்து)
* 2001 – டூரிங் விருது (டாலுடன் இணைந்து)
* 2002 – ஜான் வான் நாய்மன் பதக்கம் (டாலுடன் இணைந்து)

மறைவும் நினைவும்

டால் 2002 ஜூன் 29 அன்று இறந்தார். ஆறு வாரங்களுக்குப் பின் ஆகஸ்ட் 10 அன்று நிகார்ட் மாரடைப்பால் ஒஸ்லோவில் காலமானார். டூரிங் விருது பெறுவோர் ஆற்ற வேண்டிய உரை அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடைபெறுவதாக இருந்தது. இருவருமே அதை ஆற்ற இயலாமற் போயிற்று.

ஐரோப்பாவின் பொருள்நோக்குத் தொழில்நுட்பச் சங்கம் இவர்கள் நினைவாக டால்–நிகார்ட் பரிசை நிறுவி, 2005 முதல் வழங்கி வருகிறது. 2001இல் நோர்வேயில் தொடங்கப்பட்ட சிமுலா ஆய்வகம் இவர்கள் உருவாக்கிய மொழியின் பெயரைத் தாங்கியது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் கணினியியல் துறைக் கட்டடங்களுள் ஒன்றுக்கு நிகார்டின் பெயரும், 2011இல் திறக்கப்பட்ட மற்றொன்றுக்கு டாலின் பெயரும் சூட்டப்பட்டுள்ளன.